பாமா வீட்டு மல்லிகை

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் யாருக்காவது பூ வேண்டுமென்றால் பாமா வீட்டுப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்வளவுத் தோட்டத்துக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு, கோயில் கொடியேற்றத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கதவுதான். கை நிறைய ஆய்ந்துகொண்டு திரும்பும்போது "பாவம் பாமா" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் உச்சியில் ஏறும். அவளுடைய பூவை எடுத்துக்கொண்டு அவளை இவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான்.

என் பெயர் பியற்றிஸ். சொந்த இடம் குருநகர். நாங்கள் வேதக்காரர், ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். எனக்கு வாய் நீளம் என்று என் கணவர் கஸ்பர் சொல்வார். நான் மறுக்கவில்லை. பாமாவுக்கு வாயே இல்லாதபடியால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருந்தது.

பாமா இணுவில் பெண். கணவர் அருட்பிரகாசம் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மகள் நிரூபாவையும் கூட்டிக்கொண்டு வந்து, முதலில் மனோர் பார்க்கில் ஒரு வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை பாமா தலைமுழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு தெருவில் இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வீடு முன்மதிலில் ரோசா பூத்துத் தள்ளியிருந்தது. சுவாமிக்குப் பூ எடுப்பதை ஊரில் யாரும் களவு என்று சொல்வதில்லை. வேலிக்கு வெளியே நீட்டிய கொப்பு தெருவால் போகிறவருக்குச் சொந்தம். அந்த நியாயத்தோடு அவள் ஒவ்வொரு மதிலாகப் போய், அதுவும் தெருப்பக்கம் நீட்டியதில் மட்டும், ஒவ்வொன்றாக ஆய்ந்திருக்கிறாள்.

நாலைந்து வீடு தாண்டியதும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இரவு உடுப்போடு ஓடி வந்து கத்தத் தொடங்கிவிட்டார். பொலிஸ் வந்தது. பையைத் திறந்து பார்த்த பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அருட்பிரகாசம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பாமா சிரிக்கமாட்டாள். நடுத்தெருவில் கள்ளி மாதிரி நிற்க வைத்தது அவளுக்கு ஆறவேயில்லை. அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். இனி மற்றவன் செடியில் நான் கை வைக்கமாட்டேன், என்னுடைய செடியில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். அந்த இரண்டையும் சாகும்வரை காப்பாற்றக் கூடியவள் அவள்.

எண்பத்தாறில் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கி வந்தார்கள். பின்வளவு என்று இருந்தது ஒரு துண்டு களிமண். கோடையில் வெடித்து, வெடிப்புக்குள் கரண்டி விழுந்தால் தெரியாது. மாரியில் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அதற்குள் பாமா தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், பக்கத்துப் பார்க்கில் கூட்டிக் குவித்த இலைச் சருகு எல்லாவற்றையும் புதைத்தாள். இரண்டு வருடம் புதைத்தாள். நான் யன்னலால் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு என்ன பிடித்துவிட்டது என்று கஸ்பரிடம் கேட்டிருக்கிறேன்.

இந்த ஊரின் குளிரோடு அவள் போட்ட சண்டையைத் தனியாக எழுதலாம். எண்பத்தேழு பிறந்ததும் வந்த பனியில் செவ்வரத்தைச் செடி முழுவதும் கறுத்துப்போனது. அதே வருடம் ஐப்பசியில் அடித்த புயல் செடிகளுக்கென்று அருட்பிரகாசம் கட்டிக்கொடுத்த கண்ணாடிக் கூட்டைத் தூக்கி எங்கள் வளவுக்குள் போட்டது. ஒரு வெயில் நாளை நம்பிச் செடியை வெளியே வைத்தால் அன்றிரவே உறைபனி வந்து கருக்கிவிடும். உறைபனி விட்டதென்றால் நத்தைகள் வரும். ஓடில்லாத, விரல் தடிப்பான, வெட்கம் கெட்ட நத்தைகள். பாமா அவற்றை ஏசியதில்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டாள். திரும்பவும் கூட்டைக் கட்டினாள், உள்ளே குமிழ் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள், மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை வைத்தாள். எண்பத்தெட்டுக் கோடையில் அந்த வளவில் ரோசாவும் செவ்வந்தியும் டேலியாவும் நின்ற நிற்பைப் பார்த்து, முன்பு முகம் சுளித்த வெள்ளைக்காரர்களே நின்று விசாரித்துப் போனார்கள்.

ஆனால் அவளுடைய உயிர் மல்லிகையில்தான் இருந்தது. அருட்பிரகாசத்தோடு வேலை செய்த இளங்கோவன் என்ற மலேசியத் தமிழர் விம்பிள்டனில் இருந்தார். அவர் வீட்டு யன்னலோரம் ஒரு குண்டுமல்லிகை நின்றதாம். அருட்பிரகாசம் அதில் ஒரு தடியை முறித்து, ஈரக் கடதாசியில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார் மனுஷன். பாமாவிடம் கொடுத்து, நிரூபாவின் கலியாணத்துக்கு அவள் தலையில் இந்தப் பூத்தான் இருக்க வேண்டும், அதை நீதான் வைக்க வேண்டும் என்று சொன்னாராம். அப்போது நிரூபாவுக்குக் கலியாணப் பேச்சே இல்லை. சும்மா ஆசைக்குச் சொன்னதுதான். ஆனால் பாமா அதை ஆசைக்குச் சொன்னதாக எடுக்கவில்லை.

தடி வேர் பிடித்தது. அது வளர்ந்ததும் கேட்டவர்களுக்கெல்லாம் கொப்பு முறித்துக் கொடுத்தாள். வாங்கிய அத்தனை பேரும் முதல் மாரிக் குளிரிலேயே அதைச் சாகக் கொடுத்துவிட்டு, "பாமா, உம்முடைய கைராசிதான்" என்று புகழ்ந்தபடி திரும்பவும் பூவுக்கு இங்கேயே வந்தார்கள். கைராசி என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தொன்பது வைகாசியில் அருட்பிரகாசம் வேலைக்குப் புறப்பட்டவர் கதவடியில் விழுந்தார். நெஞ்சு. அம்புலன்ஸ் வரமுன்னமே முடிந்துவிட்டது. செத்தவீட்டில் பாமாவின் தலையில் இருந்த பூவை எடுத்துப் பெட்டிக்குள் போட்டது அருட்பிரகாசத்தின் அக்கா தவநாயகி. இல்ஃபோர்டில் பெரிய வீட்டுக்காரி, பெரிய பொட்டுக்காரி. அவருடைய கணவர் சோபாவை விட்டு எழும்பாத, ஒரு தேத்தண்ணி தானாகப் போட்டுக் குடிக்காத மனிதர். ஆனாலும் உயிரோடு இருக்கிறார். எங்கள் சனத்துக்கு அது போதும்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமையே பக்கக் கதவு திறந்தது. பூவுக்கு ஆள் வந்துவிட்டது. ஆனால் இப்போது வருகிறவர்கள் கதவைத் திறக்கிறபோதே குரல் கொடுத்தார்கள்: "பாமா, நீர் உள்ளை இரும். நாங்களே ஆயிறம்." முதலில் எனக்கு விளங்கவில்லை. பாமாவுக்குச் சிரமம் கொடுக்காமல் இருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் புருஷன் இல்லாதவள் முகத்தில் விழித்தால் முழுவியளம், அதுதான் சகுனம், சரியில்லையாம். அவளுடைய பூ வேண்டும், அவளுடைய முகம் வேண்டாம்.

ஒருநாள் மழை. வருகிறவர்கள் நனைவார்களே என்று பாமா தானே ரோசாவை வெட்டிப் பையில் போட்டு வைத்திருந்தாள். தெருமுனை வீட்டுப் பெண் வந்தாள். பாமா பையை நீட்ட, அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "அதைக் கீழை வையும், நான் எடுக்கிறன்" என்றாள். பாமா குனிந்து பையை ஈரப் படியில் வைத்தாள். நான் வேலிக்கு மேலால் எட்டி, செடியை நட்டதும் தண்ணீர் ஊற்றினதும் அந்தக் கைதான் என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாமாவுக்கு என்மேல்தான் கோபம். பூ சுவாமிக்குத்தானே போகிறது, விடுங்கோ அக்கா என்றாள். சுவாமி அவள் கையால் வாங்குவார், தெருமுனைக்காரி வாங்கமாட்டாள். இதை யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் மட்டும் திறமா என்று கேட்பீர்கள். இல்லை. குருநகரிலும் இதே சீத்துவம்தான். சிலுவை போட்டுக்கொண்டு இதையே செய்வார்கள். அதனால்தான் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

தொண்ணூறு ஆவணியில் நிரூபாவுக்குக் கலியாணம் சரிவந்தது. பெண் மருந்துக்கடையில் வேலை, மாப்பிள்ளை விம்பிள்டனில் எஞ்சினியர், நல்ல குடும்பம். நாள் வைக்கும் வேலையைத் தவநாயகி எடுத்துக்கொண்டார். தை மாதத்தில் வைத்தார். தை பிறந்தால் ஊரில் மழை ஓய்ந்து, வெயில் மஞ்சளாக விழுந்து, காலை இதமாக இருக்கும். லண்டனில் தை மாதம் எப்படி இருக்கும் என்று பஞ்சாங்கத்துக்குத் தெரியாது, தவநாயகிக்குத் தெரியாதா? ஆனியில் வைத்தால் பாமா வளவே மணவறை மாதிரி நிற்குமே என்று நான் கேட்டுவிட்டேன். வேதக்காரிக்கு நாள் நட்சத்திரம் என்ன விளங்கும் என்று பதில் வந்தது.

 பாமாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அருட்பிரகாசம் கொண்டுவந்த செடியின் பூவைத் தன் கையால் மகளின் தலையில் வைக்க வேண்டும். தாரை வார்க்க அவளை விடமாட்டார்கள், மணவறைப் பக்கம் விடமாட்டார்கள், அதெல்லாம் அவளுக்குத் தெரியும். பூ வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். அதற்கு முதலில் மல்லிகை தையில் பூக்க வேண்டும்.

புரட்டாதியில் செடியை ஒட்ட நறுக்கினாள். உறைபனி வருமுன் தன் படுக்கையறைக்குள் கொண்டுபோனாள். வீட்டில் வெயில் படுகிற அறை அதுதான், நல்ல ஹீற்றர் இருப்பதும் அங்கேதான். பாமா முன்னறைச் சோபாவில் படுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. அங்கே கழற்றிப் போட்டிருந்த நீள டியூப் லைற்றுகளைப் பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்கி வந்து செடிக்கு மேலே கட்டினாள். தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து அதன்மேல் சாடியை வைத்தாள், ஹீற்றர் காற்று இலையை உலர்த்தாமல் இருக்க. தக்காளிக்குப் போடுகிற உரத்தைக் கரைத்து ஊற்றினாள். மார்கழியில் அரும்பு கட்டியது. நான் சந்தோஷப்பட்டுக் கத்த, அவள் அத்தனை அரும்பையும் கிள்ளிப் போட்டுவிட்டாள். நான் திட்டினேன். இப்போது பூக்க விட்டால் தைக்கு ஒன்றும் மிஞ்சாது, கிள்ளினால் கொப்புக்கு இரண்டாக வரும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். வந்தது. தை நடுவில் கொத்துக் கொத்தாக வந்தது.

கலியாணம் தை கடைசி ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் லண்டனில் பனி கொட்டியது. ரயில்கள் நின்றன, தெருவில் கார்கள் புதைந்தன. முதல்நாள் பின்னேரம் பெண்கள் எல்லோரும் பாமா வீட்டில் கூடியிருந்தார்கள். பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துத் தவநாயகி சொன்னார், பெண்ணை அன்றிரவே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அங்கேயிருந்து வெளிக்கிடுத்துவதாக. சுமங்கலி வீட்டில் இருந்துதான் பெண் புறப்பட வேண்டுமாம். பிறகு மல்லிகைக் கதைக்கு வந்தார். விடிய அந்தப் பூவை ஒரு சுமங்கலி ஆய்ந்து, சுமங்கலி கட்டி, தட்டில் வைத்துத் தன்னிடம் தர வேண்டும், தான் தலையில் வைப்பதாகச் சொன்னார்.

"பாமா, குறை நினையாதையும். பிள்ளையின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்," என்றார்.

இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலைகள் எல்லாவற்றிலும் ஒருகாலம் பாமா வளவுப் பூ இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இதைக் கேட்கவே இல்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். இது முழுவதும் எங்கள் பக்கத்துக் கைங்கரியம். பாமா மகளைப் பார்த்தாள். நிரூபா கைவளையலைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு தாயிடம் வந்து, ஒருநாள்தானே அம்மா, மாமியோடை சண்டை வேண்டாம் என்று காதோடு சொன்னாள். பாமா உள்ளே போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். நான் கோபத்தில் என் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டேன்.

விடிய நான் அங்கே போனபோது பாமா குளித்து, சாம்பல் நிறப் பட்டோடு செடிக்கு முன்னால் நின்றாள். அரும்புகள் வெள்ளையாகத் திரண்டு, விரியப் போகிற பருவத்தில் இருந்தன. அறை முழுவதும் மணம். அப்போது டெலிபோன் அடித்தது. தவநாயகி. பனியில் ஒரு காரைத்தான் எடுக்க முடிந்தது, அது பெண்ணை மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பூ ஆய ஆள் வராது என்றார். பாமா ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"பியற்றிஸ், நீர் ஆய்ஞ்சு கட்டிக்கொண்டு வாரும். நீர் சுமங்கலிதானே. வேதம் எண்டாலும் பரவாயில்லை," என்றார் தவநாயகி.

அந்த இடத்தில் எனக்கு நிலை கொள்ளவில்லை. நான் மாதாவைக் கும்பிடுகிறவள், நாள் நட்சத்திரம் விளங்காதவள் என்று அவரே சொன்னவர். என் கஸ்பர் மூச்சு விடுகிறபடியால் என் கை நல்ல கை. பத்து மாதம் சுமந்தவளின் கை, இந்தப் பூவுக்காகச் சோபாவில் கிடந்தவளின் கை கூடாத கை. நான் ஆயமாட்டேன் என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். என்னென்ன சேர்த்துச் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பாமா சாடியைத் தூக்கிக் கனம் பார்த்தாள். பிறகு, உங்கடை பேரப்பிள்ளையின்ரை தள்ளுவண்டி கராஜிலைதானே நிக்குது என்று கேட்டாள். எனக்கு விளங்கிவிட்டது. வெளியே உறைகுளிர், காற்று வேறு. இந்தச் செடி ஒரு யன்னல் இடுக்குக் காற்றுக்கே இலை கொட்டுகிற சாதி.

"பாமா, செடி செத்துப்போம்," என்றேன்.

"தெரியும் அக்கா. நீங்கள் வண்டியை எடுங்கோ," என்றாள்.

சாடியைத் தள்ளுவண்டியில் இருத்தி, சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு வைத்து, கம்பளியால் சுற்றிக் கட்டினோம். மண்டபம் ஒரு பள்ளிக்கூட ஹோல். சாதாரண நாளில் கொஞ்சத் தூர நடை. அன்றைக்கு வண்டிச் சில்லு ஓரடிக்கு ஒருதரம் பனியில் புதைந்தது. நான் தள்ள, அவள் முன்னால் பிடித்துத் தூக்க, பட்டுச் சேலை முழங்கால்வரை நனைந்தது. பாதி வழியில் காற்று கம்பளியைக் கிளப்பி, மேல் கொப்புகளைத் திறந்துவிட்டது. பாமா தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டாள். குளிரில் அவள் உதடு நீலமாக இருந்தது. 

ஹோலுக்குப் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தார்கள். நிரூபா கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள். கடையில் வாங்கிய மாலைகளெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தன, ஒன்றுக்கும் குறைவில்லை. எங்கள் மல்லிகை இல்லாமல் அந்தக் கலியாணம் நின்றுபோகாது. தள்ளுவண்டி உள்ளே வந்ததும் பெண்கள் விலகினார்கள். தவநாயகி முன்னால் வந்து, இது என்ன கோலம் என்று கேட்டார்.

பாமா கம்பளியை அவிழ்த்தாள். பிறகு, அவள் வாயில் நான் கேட்ட மிக நீளமான பேச்சு இது:

"மச்சாள், நான் பூவிலை கை வைக்கேல்லை. செடியோடை கொண்டு வந்திருக்கிறன். ஆர் ஆயிறது எண்டதைப் பிள்ளை சொல்லட்டும்."

எல்லோரும் நிரூபாவைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை தாயின் நனைந்த சேலையைப் பார்த்தாள், கோட்டில்லாத தோளைப் பார்த்தாள். எழுந்து வந்து சாடிக்குப் பக்கத்தில் நிலத்தில், அத்தனை பட்டோடும் நகையோடும் இருந்தாள். தாய்க்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்தாள்.

"வையுங்கோ அம்மா," என்றாள்.

பாமா ஆய்ந்தாள். கட்டுவதற்கு நேரமில்லை. ஒவ்வொரு அரும்பாக எடுத்து, கூந்தலில் செருகிச் செருகி வைத்தாள். விரல் குளிரில் விறைத்திருந்தபடியால் இரண்டு மூன்று கீழே விழுந்தன.  தவநாயகி மாத்திரம், சரி, உங்களுடைய விருப்பம், பிறகு என்னைச் சொல்லக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, பெண்ணைக் கூப்பிட வந்த மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சி மணத்தைப் பிடித்தார். லண்டனுக்கு வந்த பிறகு இந்த மணத்தை மணக்கவேயில்லை என்றார். பாமாவின் முன்னால் போய்த் தானும் தலையைத் திருப்பிக் காட்டி, எனக்கும் ஒன்று வையுங்கோ சம்பந்தி என்று கேட்டார். வைத்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை கோபத்தில் அழுகை வர வழியில்லாமல் இருந்தது.

செடியை மாலையில்தான் திரும்பக் கொண்டுவந்தோம். அன்று முழுவதும் ஹோல் கதவு திறந்து திறந்து மூடியது. இரண்டு நாளில் இலைகள் தொங்கின, பிறகு கறுத்தன, பிறகு தண்டும் நுனியிலிருந்து கீழே கறுத்துக்கொண்டே வந்தது. பாமா நறுக்கிப் பார்த்தாள், பச்சை தெரிகிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பங்குனி முழுவதும் டியூப் லைற்றைப் போட்டு வைத்திருந்தாள். கொப்பு கேட்டு வாங்கிய வீடு ஒவ்வொன்றுக்கும் நான் போய் விசாரித்தேன். ஒருவரிடமும் உயிரோடு இல்லை. இளங்கோவன் குடும்பமும் அதற்கு முன்பே மலேசியாவுக்குத் திரும்பிவிட்டது. சித்திரையில் பாமா சாடியை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். வேர் அழுகியிருந்தது. அவள் அழவில்லை. சாடியைக் கழுவிக் காயவைத்தாள்.

நிரூபா விம்பிள்டனில் நன்றாக இருக்கிறாள். இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அந்த வருடம் முழுவதும் எத்தனை பேர் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை.

ஆவணி மாதத்தில் தவநாயகியின் பேத்திக்குச் சாமத்தியவீடு வந்தது. ஒரு காலை நேரம் நான் வேலியடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பக்கக் கதவு திறந்தது. தவநாயகி, கையில் பையோடு. கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். பாமா ரோசாச் செடிகளுக்கு நடுவில் கத்தரிக்கோலோடு நின்றாள். உள்ளே இரும் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. சுகம் விசாரித்தார், நிரூபாவை விசாரித்தார், பிறகு, பிள்ளையின் தலைக்கு அந்த மல்லிகையில் ஒரு முழம் வேண்டும் என்று கேட்டார். இந்த லண்டனில் வேறு எங்கே அப்படிப் பூ இருக்கிறது என்றும் சொன்னார்.

செடி செத்துவிட்டது என்று பாமா சொன்னாள். தவநாயகி திடுக்கிட்டு, எப்படி, எப்போது என்று கேட்டார்.

"கலியாணத்தண்டைக்குக் குளிர் பட்டது," என்றாள் பாமா. "என்ரை கையாலை பூவை வாங்கியிருந்தியளெண்டால் செடி வீட்டிலையே நிண்டிருக்கும் மச்சாள். தப்பியிருக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுக் குனிந்து, நல்ல சிவப்பு ரோசாவாகப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினாள். முள்ளை நீக்கினாள். நிமிர்ந்து இரண்டு கையிலும் வைத்து நீட்டினாள். தவநாயகி பையை விரித்துப் பிடித்தார். பாமா பைக்குள் போடவில்லை. தவநாயகியின் கண் படிக்கட்டுப் பக்கம் போனது. பாமா கீழேயும் வைக்கவில்லை. நீட்டிய கையோடு நின்றாள். நான் ஈரத் துவாயைப் பிடித்தபடி, என் வாழ்நாளில் ஒருதரம், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தவநாயகி பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். கையை நீட்டி வாங்கினார். இந்தக் கையை நீட்ட அவருக்கு எத்தனை வருடம்! அதற்குள் ஒரு செடி செத்துப்போய்விட்டது. பாமா அதை மறந்துவிட்டாள், எனக்கு இன்னும் ஆறவில்லை.